மோறிஸ் மைனர்: புதிய பற்றரியும் இறங்குகிறது, சிவப்பு விளக்கும் அணையவில்லை

யாழ்_மைனர்59 (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1959ஆம் ஆண்டு மோறிஸ் மைனர் 1000 ஒன்று உள்ளது. 948 சிசி இயந்திரம், மின் பிறப்பிக்கும் டைனமோ, அதன் மின்சாரத்தைக் கட்டுப்படுத்திப் பற்றரிக்கு விடும் லூக்காஸ் கட்டவுட் பெட்டி எல்லாம் பழைய அமைப்பிலேயே இருக்கின்றன. பற்றரியின் நேர் முனையே வண்டியின் உடலில் எர்த் செய்யப்பட்டுள்ளது, அதாவது தகரத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓட வேண்டியிருந்த போர்க்காலத்திலும் எங்களைக் கைவிடாத வண்டி என்பதால், இதை விற்கும் எண்ணம் வீட்டில் எவருக்கும் இல்லை.

இவ்வாண்டு தொடக்கத்தில் தகர வேலைகளை முடித்து, பொனற்றின் உட்புறம் உட்பட வண்டி முழுவதற்கும் வர்ணம் அடித்தோம். அதன் பின்னர் சில வாரங்களிலேயே பற்றரி இறங்கத் தொடங்கியது. பழைய பற்றரிதானே என்று புதியது வாங்கினோம், அதுவும் இறங்கியது. பின்னர் டைனமோவைக் கழற்றிக் கராஜில் கொடுத்து, புதிய காபன் பிரஷ் போட்டு, பிரஷ் உரசும் செப்பு வளையமான கொமியுற்றேற்றரையும் கடைந்து எடுத்து வந்தோம். அப்படியும் மாற்றம் ஒன்றும் இல்லை.

திறப்பைத் திருப்பினால், சார்ஜ் ஏறாததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறது. இயந்திரம் மெதுவாக ஓடும்போதும் எரிகிறது. அதுவரை வழமைதான். ஆனால் வேகத்தைக் கூட்டினால் அணைய வேண்டிய விளக்கு, எங்கள் வண்டியில் இன்னும் பிரகாசமாக எரிகிறது. கராஜில் இப்போது கட்டவுட் பெட்டியையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். பழைய நல்ல பெட்டி இங்கே எளிதில் அகப்படுவதில்லை; புதிதாகச் செய்து விற்கப்படுபவற்றின் தரம் குறித்தும் பலவாறாகச் சொல்கிறார்கள். மேலும் பணம் செலவழிப்பதற்கு முன்னர், பழுது டைனமோவிலா பெட்டியிலா என்பதை வீட்டிலேயே சோதித்து அறிய வழி உண்டா? என்னிடம் ஒரு சாதாரண டிஜிற்றல் மீற்றர் உள்ளது.

கோவை_மின்பணி

வணக்கம். வழி உண்டு; அதற்கு உங்கள் மீட்டரே போதும். அம்பாசடர் வண்டிகளிலும் இதே டைனமோவும் இதே மாதிரிப் பெட்டியும் இருந்ததால், நான் தொழில் கற்றதே இவற்றில்தான்.

முதலில் அந்தச் சிவப்பு விளக்கை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு முனை இக்னிஷன் சுவிட்ச் வழியாக பேட்டரியோடும், மறுமுனை பெட்டியிலுள்ள ‘டி’ முனை வழியாக டைனமோவோடும் இணைந்திருக்கிறது. இரு முனைகளிலும் மின்னழுத்தம் வேறுபட்டிருக்கும் வரை விளக்கு எரியும்; சமமானால் அணையும். இன்ஜின் நிற்கும்போது டைனமோவில் அழுத்தம் எதுவும் இல்லாததால் முழு வெளிச்சத்தில் எரிகிறது. டைனமோ சுற்றச் சுற்ற வேறுபாடு குறைந்து விளக்கு மங்குகிறது. ஏறத்தாழ 12.7 முதல் 13.3 வோல்ட்டுக்குள் பெட்டிக்குள் இருக்கும் கட்-அவுட் என்ற தானியங்கிச் சுவிட்சின் பாயிண்டுகள் (தொடுமுனைகள்) ஒட்டிக்கொண்டு, டைனமோவையும் பேட்டரியையும் நேரே இணைத்துவிடுகின்றன. விளக்கின் இரு முனைகளும் அப்போது ஒன்றாகிவிடுவதால் அது முற்றிலும் அணைந்துவிடும்.

இதை வைத்துப் பார்த்தால், டைனமோ செத்துப் போயிருந்தால் விளக்கு ஒரே அளவு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருக்குமே தவிர, வேகத்தோடு சேர்ந்து கூடாது. உங்கள் வண்டியில் கூடுகிறது. எனவே டைனமோ மின்சாரம் தருகிறது என்றும், அது பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை என்றும் ஊகிக்கிறேன். ஊகத்தை அளந்து உறுதி செய்யுங்கள்.

பேட்டரியை வெளியே சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளவெடுங்கள், 12.6 வோல்ட்டை ஒட்டி இருந்தால் நல்லது. ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்தும்போது அரை அங்குலத்திலிருந்து ஓர் அங்குலத்துக்குள் அமுங்க வேண்டும். பின்பு டைனமோவிலிருந்து இரண்டு ஒயர்களையும் கழற்றிவிட்டு, ‘டி’ (மின்சாரம் வெளிவரும் முனை), ‘எஃப்’ (ஃபீல்டு காயில் எனும் காந்தச் சுருளின் முனை) ஆகிய இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். ரேடியோ இரைச்சலைத் தடுக்கும் கண்டென்சர் ஏதேனும் அங்கே பொருத்தப்பட்டிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். மீட்டரின் ஒரு முனையை அந்தக் கம்பியிலும், மற்றொன்றை டைனமோவின் உடலிலும் வைத்து, இன்ஜினை மெதுவான ஓட்டத்திலிருந்து சிறிது சிறிதாக உயர்த்துங்கள். அளவு தடுமாறாமல் சீராக ஏற வேண்டும். 20 வோல்ட்டைத் தாண்ட விடாதீர்கள். கட்டுப்பாடு எதுவும் இல்லாத நிலையில் டைனமோ எவ்வளவு வேண்டுமானாலும் ஏறிச் சுருளைச் சுட்டுவிடும். ஏறாமல் அரை வோல்ட், ஒரு வோல்ட்டிலேயே நின்றுவிட்டால் ஃபீல்டு காயிலில் கோளாறு. நான்கைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சரை, அதாவது உள்ளே சுழலும் சுருளைச் சந்தேகிக்கலாம்.

அது தேறிவிட்டால் ஒயர்களைப் பழையபடி பொருத்தி, இன்ஜின் ஓடும்போது பெட்டியின் ‘டி’ முனையிலும் பேட்டரிக்குப் போகும் ‘ஏ’ முனையிலும் தனித்தனியே அளந்து எழுதுங்கள். பெட்டிக்குள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் பாயிண்டுகள் துடித்துக்கொண்டே இருப்பதால், டிஜிட்டல் மீட்டரில் எண்கள் நிலைகொள்ளாமல் குதிப்பதுண்டு. முள் மீட்டர் கிடைத்தால் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கூர்ந்து கவனிக்க வேண்டுகிறேன்: வேகத்தை மிக மெதுவாகக் கூட்டும்போது விளக்கு முதலில் சற்று மங்கிவிட்டுப் பிறகு பிரகாசமாகிறதா, அல்லது தொடக்கத்திலிருந்தே கூடிக்கொண்டே போகிறதா? பகல் வெளிச்சத்தில் இது தெரியாது. கொட்டகைக்குள் வைத்துப் பாருங்கள்.

மதுரை_பழையவண்டி

இவ்வளவு சிரமம் எதற்கு என்பதே என் கருத்து. என் ஃபியட் 1100-இல் டைனமோவைக் கழற்றி வைத்துவிட்டு, மாருதி காரின் ஆல்டர்னேட்டர் ஒன்றைப் பட்டையில் பொருத்தினேன். இன்ஜின் மெதுவாக ஓடும்போதே சார்ஜ் ஏறுகிறது. இரவில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு நெரிசலில் நின்றாலும் கவலை இல்லை. தினசரி ஓட்டத்துக்கு அதுவே நல்லது.

லண்டன்_மைனர்காரன்

மதுரை நண்பர் சொல்வது தினசரி ஓட்டத்துக்குப் பொருந்தும். அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் தம்பியின் வண்டி நேர் எர்த். வழமையாகக் கிடைக்கும் அல்ரனேற்றர்கள் மறை எர்த்துக்கு உரியவை. அப்படியே பூட்டினால் உள்ளே இருக்கும் டயோட்டுகள் அந்தக் கணமே போய்விடும். ஆகவே முதலில் பற்றரியைத் திருப்பி வைத்து, இக்னிஷன் கொயிலின் இரு வயர்களையும் இடம் மாற்றி, ரேடியோ இருந்தால் அதையும், பெற்றோல் பம்பில் இலத்திரனியல் பகுதி ஏதும் சேர்க்கப்பட்டிருந்தால் அதையும் பார்க்க வேண்டும். ஸ்ராட்டர் மோட்டருக்கு மட்டும் எந்தப் பக்கமும் ஒன்றுதான். அதோடு, சார்ஜ் போகும் வழியில் இருக்கும் பழுது எதுவென்று அறியாமல் அல்ரனேற்றர் போட்டால், அந்தப் பழுது புதிய அமைப்பிலும் கூடவே வரலாம்.

கோவை ஐயா இறுதியில் கேட்டிருக்கும் கேள்வி மிக முக்கியமானது என்பதால் அதையே சற்று விரிக்கிறேன். விளக்கு வேகத்தோடு பிரகாசமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டைனமோவின் இரும்பில் எஞ்சியிருக்கும் சிறு காந்தத் தன்மைதான் அது எந்தத் திசையில் மின் பிறப்பிக்கும் என்பதை முடிவு செய்கிறது. திருத்தக் கொடுத்த இடத்தில், இன்றைய வண்டிகளின் வழக்கப்படி மறை எர்த் என்று நினைத்து அதை மோட்டராக ஓட்டிச் சோதித்திருந்தால், அதன் காந்தத் திசை மாறியிருக்கக்கூடும். அப்படியானால் டைனமோவின் அழுத்தமும் பற்றரியின் அழுத்தமும் ஒன்றையொன்று கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிக்கொள்ளும். விளக்கு ஓரிடத்திலும் மங்காமல், முதலில் இருந்தே ஏறுமுகமாக எரியும். அந்த நிலையில் கட்டவுட் பாயின்ற்றுகள் ஒட்டினால் அவை கருகிவிடும் என்பதால், அதைத் தெளிவாக்கும் வரை வண்டியை வேகமாக ஓட்ட வேண்டாம்.

மீற்றரில் இதை உடனே பிடித்துவிடலாம். டைனமோவைத் தனியாகச் சோதிக்கும்போது, மீற்றரின் சிவப்பு முனையை டைனமோ உடலிலும் கறுப்பு முனையை டி–எஃப் கம்பியிலும் வையுங்கள். எண்ணுக்கு முன் கழித்தல் குறி வராவிட்டால் திசை சரி. குறி வந்தால், டைனமோவின் இரு வயர்களும் கழற்றப்பட்டிருக்கும் நிலையில், பற்றரியின் மறை முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து, டைனமோவின் ‘எஃப்’ முனையில், அதாவது இரண்டில் சிறியதில், ஓரிரு தடவை தட்டி எடுத்தால் போதும். ஒரு கணத்துக்கு மேல் பிடிக்க வேண்டாம்.

டைனமோவின் உடலில் அதன் மாதிரி எண் பொறிக்கப்பட்டிருக்கும். சி39 என்றால் 19 ஆம்பியர், சி40 என்றால் 22 ஆம்பியர். இரண்டும் மைனரில் வந்தவைதான்.

யாழ்_மைனர்59

கோவை ஐயாவுக்கும் லண்டன் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. அயலில் வானொலி திருத்தும் ஒருவரிடம் முள் மீற்றர் கிடைத்தது. இரண்டாலும் அளந்தேன்.

பற்றரியை இரவு முழுவதும் வெளியே சார்ஜ் செய்து, காலையில் சிறிது நேரம் விட்டு அளந்தபோது 12.6 வோல்ற்று. பெல்ற் சரியாக உள்ளது. டைனமோவில் சி39 என்றே பொறிக்கப்பட்டுள்ளது. தனியாகச் சோதித்தபோது தடுமாற்றம் எதுவும் இல்லாமல் சீராக ஏறியது. 18 வோல்ற்றைத் தொட்டதும் நிறுத்திவிட்டேன். சிவப்பு முனை உடலில் இருக்கையில் கழித்தல் குறி வரவில்லை.

விளக்கை இருட்டில் வைத்துப் பார்த்தேன். மெதுவான ஓட்டத்துக்குச் சற்று மேலே போனதும் மங்கி, கிட்டத்தட்ட அணைந்தே போகிறது. மேலும் கூட்டியதும் மறுபடியும் எரியத் தொடங்கிப் பிரகாசமாகிறது. இது ஐயா கேட்டிராவிட்டால் என் கண்ணில் பட்டிருக்காது.

பெட்டியில், நடுத்தர வேகத்தில், ‘டி’ முனையில் 19 வோல்ற்று. ‘ஏ’ முனையில் 12.1 மட்டுமே. மூடியைக் கழற்றி வைத்துப் பார்த்தபோது கட்டவுட் பாயின்ற்றுகள் அசையவே இல்லை. அப்படியானால் கராஜில் சொன்னபடி பெட்டிதான் பழுதா?

கோவை_மின்பணி

அருமையாக அளந்திருக்கிறீர்கள். பெட்டி பழுது என்ற முடிவுக்கு இன்னும் வர வேண்டாம்; உங்கள் அளவுகளே அதற்கு எதிராக நிற்கின்றன.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு தனித்தனிக் கருவிகள் இருக்கின்றன. ஒன்று கட்-அவுட், 13.3 வோல்ட்டுக்குள் ஒட்டியிருக்க வேண்டியது, 19 வோல்ட்டிலும் ஒட்டவில்லை. மற்றொன்று ரெகுலேட்டர், பேட்டரியோடு இணைப்பு இல்லாத நிலையிலும் டைனமோவை 16 வோல்ட் அளவில் கட்டிப்போட வேண்டியது, 19 வரை விட்டுவிட்டது. இரண்டு சுருள்களும் ஒரே சமயத்தில் அறுந்துபோவது அபூர்வம். அவை இரண்டுக்கும் பொதுவானது ஒன்றே ஒன்றுதான்: இரு சுருள்களின் மறுமுனைகளும் போய்ச் சேரும் ‘ஈ’ முனை, அதாவது பெட்டியின் எர்த். அது அறுந்தால் இரு சுருள்களிலும் மின்னோட்டம் பாயாது. இரண்டு கருவிகளும் கண்ணிருந்தும் குருடாகிவிடும். டைனமோவின் ஃபீல்டுக்கு எர்த் தனியாக, டைனமோவின் உடல் வழியாகவே கிடைத்துவிடுவதால், அது மட்டும் தடையின்றி மின்சாரத்தை ஏற்றிக்கொண்டே போகும். விளக்கு மங்கிப் பிறகு பிரகாசமாவதும் இதனால்தான். டைனமோ 12 வோல்ட்டைக் கடக்கும் இடத்தில் மங்குகிறது. கடந்து மேலே போனதும் எதிர்த் திசையில் எரிகிறது.

உங்கள் முதல் பதிவில் போகிற போக்கில் பானெட்டின் உட்புறத்துக்கும் வர்ணம் அடித்ததாக எழுதியிருந்தீர்கள். பெட்டி உட்காரும் தகரத்துக்கும், ‘ஈ’ ஒயரின் திருகு இறங்கும் இடத்துக்கும் வர்ணம் ஏறியிருந்தால் எர்த் எப்படிக் கிடைக்கும்?

இதையும் அளந்தே உறுதி செய்யுங்கள். மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரியின் நேர்முனைக் குமிழிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கவ்வியில் அல்ல, ஈயக் குமிழில். கறுப்பு முனையை முதலில் டைனமோவின் உடலில் வைத்தால், இன்ஜின் ஓடும்போது 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. பிறகு ‘ஈ’ முனையில் வையுங்கள். அங்கும் ஏறத்தாழ சுழியமே வர வேண்டும். எர்த் அறுந்திருந்தால் சுழியம் வராது. ‘டி’ முனையில் வரும் அளவே சுருள்களின் வழியே இறங்கி வந்து ‘ஈ’ முனையிலும் நிற்கும்.

அப்படி நின்றால், இன்ஜினை மெதுவான ஓட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, ‘ஈ’ முனையிலிருந்து பேட்டரியின் நேர்முனைக்குத் தனியாக ஓர் ஒயரைப் பிடித்து, அதன் பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். வேகத்தில் இருக்கும்போது அந்த ஒயரைத் தொடுவிக்க வேண்டாம். 19 வோல்ட்டில் பாயிண்டுகள் ஒட்டினால் பெரும் மின்னோட்டம் ஒரே பாய்ச்சலில் போகும்.

லண்டன்_மைனர்காரன்

காந்தத் திசை சரியாக இருப்பதால் என் ஐயம் நீங்கியது. ஓர் எச்சரிக்கை மட்டும்: மூடி திறந்திருக்கும்போது, இயந்திரம் நிற்கும் நிலையில் கட்டவுட் பாயின்ற்றுகளை விரலால் அமர்த்திப் பார்க்கும் ஆசை பலருக்கும் வரும். பற்றரி இணைந்திருக்கையில் அதைச் செய்தால், பற்றரியின் மின்சாரம் டைனமோவுக்குள் பின்னோக்கிப் பாயும்; விரலை எடுத்தாலும் அவை ஒட்டியே நிற்கலாம். வயர்களும் ஆமேச்சரும் சூடாகிவிடும். எர்த்தைச் சரி செய்யும் வரை தூர ஓட்டமும் வேண்டாம்.

யாழ்_மைனர்59

ஐயா சொன்னபடியே. டைனமோ உடலில் 0.1 வோல்ற்று. ‘ஈ’ முனையில் வைத்ததும் முள் எழுந்து 18ஐத் தாண்டிவிட்டது. ‘டி’ முனையில் அதே வேகத்தில் எவ்வளவோ அவ்வளவே.

தனி வயரைப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டியபோது, 13 வோல்ற்றளவில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. சிவப்பு விளக்கு அணைந்தது. பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு ‘ஈ’ வயரின் திருகைக் கழற்றினேன். கண்ணித் தகட்டின் அடியில், தகரம் தெரியாதபடி பிறைமரும் அதன் மேல் பச்சை வர்ணமும் தடிப்பாகப் படிந்திருந்தன. திருகின் புரிகளிலும் வர்ணம் இறங்கி இறுகியிருந்தது. வர்ணம் அடித்தவர்கள் வயரை விலக்கிவிட்டு அடித்து, காய்ந்த பின்னர் மேலேயே பூட்டியிருக்கிறார்கள். கண்ணியின் அளவுக்குச் சுரண்டி இரும்பை வெளியே கொண்டுவந்து, பல்லுள்ள வளையம் ஒன்றைப் போட்டு இறுக்கி, மேலே வாசலின் பூசினேன். இப்போது ‘ஈ’ முனையில் முள் அசைவதே இல்லை.

ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. நேற்று இரவு ஹெட்லைற்றைப் போட்டு நடுத்தர வேகத்தில் அளந்தபோது ‘ஏ’ முனையில் 13.1 மட்டுமே வந்தது. புதிய வாகனங்களில் 14க்கு மேல் வருகிறதே. றெகுலேற்றரின் திருகைச் சற்று இறுக்க வேண்டுமா?

கோவை_மின்பணி

திருகைத் தொடாதீர்கள். அந்த ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டரில் இருப்பதைப் போல ஒரே அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதன்று. பேட்டரி இறங்கியிருக்கும்போதும் விளக்குகள் எரியும்போதும் மின்னோட்டம் கூடும். அந்த மின்னோட்டமே பெட்டிக்குள் இருக்கும் கனத்த சில சுற்றுகளின் வழியாகப் பாய்ந்து, ரெகுலேட்டரை முன்கூட்டியே இழுத்து, அழுத்தத்தைத் தாழ்த்தும்படி அமைத்திருக்கிறார்கள். சிறிய டைனமோவின் மீது அளவுக்கு மீறிய சுமை ஏறிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பேட்டரி நிறைந்த பின், விளக்குகளை அணைத்துவிட்டு அளந்தால் 14-ஐ ஒட்டியும் அதற்குச் சற்று மேலும் வரும். இரண்டு நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள்.

அப்போதும் வராவிட்டால்தான் செட்டிங்கைச் சோதிக்க வேண்டும். கட்-அவுட் பாயிண்டுகளுக்கு நடுவே ஒரு துண்டு அட்டையைச் செருகி, பேட்டரி இணைப்பு இல்லாத நிலையில் ‘டி’ முனையில் அளக்க வேண்டும். 20 டிகிரி வெப்பத்தில் 16.0 முதல் 16.6 வோல்ட் வர வேண்டும், யாழ்ப்பாணத்து வெயிலுக்கு அதைவிடச் சற்றுக் குறைவாக. அரை நிமிடத்துக்குள் அளந்து முடித்துவிட வேண்டும். நேரம் போனால் சுருள் சூடாகி அளவே மாறிவிடும்.

இன்ஜினை மெதுவாக ஓடவிட்டால் விளக்கு மினுக்குவது டைனமோ வண்டிகளில் இயல்பு. இரவில் சந்தியில் நிற்கும்போது ஹெட்லைட்டைத் தணித்து வைத்துக்கொள்ளுங்கள்; அந்த நேரத்தில் செலவெல்லாம் பேட்டரியிலிருந்துதான் போகிறது.

19 வோல்ட்டில் சில வாரங்கள் துடித்திருப்பதால் ரெகுலேட்டர் பாயிண்டுகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் எர்த் இல்லாத நிலையில் அவை துடிக்கவே வாய்ப்பில்லை, மூடியபடியே இருந்திருக்கும். எனவே அவசரமில்லை. எப்போதாவது சுத்தம் செய்ய நேர்ந்தால் ரெகுலேட்டர் பாயிண்டுகளுக்கு மெல்லிய கார்போரண்டம் கல்லையும், கட்-அவுட் பாயிண்டுகளுக்குக் கண்ணாடித்தூள் தாளையும் மட்டும் பயன்படுத்துங்கள். எமரித் தாளை இரண்டிலும் வைக்க வேண்டாம். டைனமோவின் கம்யூட்டேட்டரிலும் கூடாது, அதன் துகள்கள் செம்பில் பதிந்துகொண்டு கார்பன் பிரஷ்ஷைத் தின்றுவிடும்.

வர்ணம் அடித்தவர்கள் ஓர் எர்த்தை மட்டும் மூடியிருப்பார்கள் என்று நம்ப முடியாது. பின்விளக்குகளின் எர்த்தையும், ஹார்னையும், இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே ஓடும் பின்னல் பட்டையையும் இதே முறையில் அளந்துவிடுங்கள். இந்தப் பட்டை மட்டும் பிடிக்கவில்லை என்றால், செல்ஃப் அடிக்கும்போது அந்தப் பெரிய மின்னோட்டம் சோக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்தவுடன் அந்தக் கேபிளைத் தொட்டால் சூடு தெரியும்.

யாழ்_மைனர்59

தொட்டுப் பார்த்தேன், சோக் கேபிள் குளிர்ச்சியாகவே உள்ளது. ஆனால் வலது பின்விளக்கின் எர்த்தில் 2 வோல்ற்றுக் காட்டுகிறது. பிறேக்கை அழுத்தும்போது அந்தப் பக்கம் மட்டும் மங்கலாக எரிவதற்குப் பல்பைத்தான் குறை கூறிக்கொண்டிருந்தோம். இன்று மாலை அங்கேயும் சுரண்டுகிறேன்.